பூனை நம்ம ஏடிஹெச்டி மாத்திரைய முழுங்கிடுச்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்ப இந்த நிமிஷம் உங்க பூனை மாத்திரைய முழுங்கியிருந்தா இத முழுசா படிக்க உக்காராதீங்க. மருந்து டப்பாவ பைல போடுங்க, பூனைய கூடைல வைங்க, வெட்டுக்கு, அதாவது கால்நடை டாக்டருக்கு, போன் போட்டுக்கிட்டே கிளம்புங்க. மீதிய வண்டில பக்கத்துல உக்காந்து வர்றவங்க படிக்கட்டும்.

நீங்க டாக்டரா? உங்களுக்கு எப்படி இது தெரியும்?

டாக்டர் இல்லீங்க. நியூஜெர்சில இருக்கோம், பையனுக்கு ஒன்பது வயசு, ஏடிஹெச்டிக்கு (கவனம் நிக்காத, துறுதுறுன்னு இருக்கற கோளாறு) தினமும் காலைல வைவான்ஸ் 30 மில்லிகிராம். அவனுக்கு கேப்ஸ்யூல் முழுங்க வராது, அதனால ஒடச்சு தயிர்ல கலந்து குடுப்போம், அப்படி குடுக்கலாம்னு மருந்து கூட வர்ற தாள்லயே போட்டிருக்கு. கலந்த உடனே முழுசா சாப்டுடணும்னும் அதே தாள்ல போட்டிருக்கு. அன்னிக்கு ஸ்கூல் பஸ் வந்துடுச்சு, பாதி கிண்ணத்த டேபிள்லயே வச்சுட்டு ஓடிட்டான். நான் அவன பஸ் ஏத்திட்டு திரும்பி வர்றேன், கிண்ணம் கழுவி வச்ச மாதிரி பளபளன்னு இருக்கு, எங்க பூனை மல்லி பக்கத்துல உக்காந்து மீசைய நக்கிட்டு இருக்கா. தயிர்னா அவளுக்கு உசுரு. எனக்கு அப்ப கூட மண்டைல ஒறைக்கல, தயிர் தானேன்னு விட்டுட்டேன்.

ஒன்பது மணி இருக்கும். ஹால் செவுத்த பாத்து கத்திட்டு இருந்தா, நிறுத்தாம, ஒரே மாதிரி. போய் தூக்கினா கண்ணு முழுக்க கருப்பு, அந்த பச்சை சுத்தமா காணும். காது அடுப்புல வச்ச மாதிரி சுடுது. கீழ விட்டதும் ஒரே எடத்துல வட்டமா சுத்த ஆரம்பிச்சா, தலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடிட்டே இருக்கு, மரத்தரைல அவ கால் பட்ட எடமெல்லாம் ஈரமா சின்னச் சின்ன பூ மாதிரி தடம். பூனைக்கு பாதத்துல தான் வேர்க்கும்னு அன்னிக்கு தான் கண்ணால பாத்தேன். அப்புறம் தான் கிண்ணம் ஞாபகம் வந்துச்சு.

மல்லி பொழைச்சுட்டா, இத எழுதறப்ப கூட பக்கத்து சேர்ல தூங்கறா. அன்னிக்கு வெட் சொன்னது, அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்டது, ரெண்டையும் சேத்து எழுதியிருக்கேன்.

எந்தெந்த மருந்து இதுல வரும்?

ரெண்டு பெரிய குடும்பம். ஒண்ணு ஆம்ஃபெட்டமின்: ஆடரால், வைவான்ஸ் எல்லாம் இதுல வரும். இன்னொண்ணு மெதில்ஃபெனிடேட்: ரிட்டலின், கான்செர்ட்டா, இதுக்கு சொந்தமான ஃபோகலின். இந்தியாவுல இருக்கறவங்க வீட்ல பெரும்பாலும் மெதில்ஃபெனிடேட் தான் இருக்கும், இன்ஸ்பிரல், ஆட்வைஸ்ங்கற பேர்ல. தூக்கம் வராம இருக்க போடற மோடாஃபினில், ஒடம்பு எளைக்க குடுக்கற ஃபென்டெர்மின், இதெல்லாமும் பூனைய தூண்டி விடற மருந்து தான்.

ஸ்ட்ராட்டெரான்னு விக்கற அடோமோக்செடின் ஸ்டிமுலன்ட் (தூண்டி விடற மருந்து) கெடையாது, அதனால பரவால்லன்னு சில பேர் நெனைக்கறாங்க. பூனைக்குள்ள போனா அதுவும் இதே மாதிரி தான் ஆட்டும், அதே அவசரம் தான்.

மாத்திரை மட்டும் இல்ல, தோல்ல ஒட்டற மெதில்ஃபெனிடேட் பேட்ச் இருக்கு, டேட்ரானான்னு பேரு. கழட்டினதுக்கு அப்புறமும் அதுல மருந்து மிச்சம் இருக்கும், குப்பைல போட்டா பூனை எடுத்து மெல்லும்.

எவ்ளோ சாப்ட்டா ஆபத்து? பாதி மாத்திரை தானே?

பாதி மாத்திரைங்கற கணக்கே பூனைக்கு செல்லாது. ஆம்ஃபெட்டமின்ல ஒடம்பு எடைல ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு கொறைவா போனாலே பூனைக்கு அறிகுறி வரலாம். சாதாரண வீட்டுப் பூனை நாலு கிலோ. 20 மில்லிகிராம் ஆடரால் ஒண்ண முழுங்கினா கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஆச்சு. ஒரே ஒரு மாத்திரைல ஆபத்தான எடத்துக்கு போயாச்சு.

வைவான்ஸ் கணக்கு கொஞ்சம் வேற. அதுல இருக்கற லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் அப்படியே வேலை செய்யாது, ரத்தத்துல போய் லைசின்ங்கற துண்டு கழண்டு விழுந்த பிறகு தான் ஆம்ஃபெட்டமினா மாறும். 30 மில்லிகிராம் கேப்ஸ்யூல்ல இருந்து சுமார் 9 மில்லிகிராம் வெளிய வரும். மல்லி நக்கினது பாதி, அவ நாலு கிலோ, அப்ப கிலோவுக்கு ஒண்ணு சொச்சம். அதுக்கே அந்தப் பாடு.

எவ்ளோ சாப்ட்டுச்சுன்னு தெரியலன்னா அதிகபட்சத்த வச்சு கணக்கு போடுங்க. டப்பால முப்பது இருக்கணும், இருபத்தாறு இருக்கு, ரெண்டு நீங்க போட்டீங்கன்னா மீதி ரெண்டும் பூனை வயித்துலன்னு எடுத்துக்குங்க. அப்புறமா சோஃபா அடில ஒண்ணு கெடைச்சா சந்தோஷம்.

மொதல்ல என்ன பண்ணணும்?

வாய்ல இன்னும் இருந்தா எடுங்க, ஆனா கடி வாங்கிக்கிட்டு தொண்டைக்குள்ள விரல விடாதீங்க. கீழ சிந்தினத எல்லாம் பொறுக்கி ஒரு கவர்ல போடுங்க, ஒடஞ்ச கேப்ஸ்யூல் ஓடு உட்பட, அதுல இருக்கற நிறம், எழுத்து, நம்பர் வச்சே என்ன மருந்துன்னு கண்டுபுடிச்சுடுவாங்க. வேற பூனை, நாய் இருந்தா தனி ரூம்ல விடுங்க, அதுங்களும் தின்னுச்சான்னு பாருங்க.

போன்ல நாலு விஷயம் சொன்னா போதும்: மருந்து பேரு, எத்தன மில்லிகிராம், எத்தன மணிக்கு, பூனை எத்தன கிலோ. சாதாரணமா, இல்ல மெல்ல மெல்ல எறங்கற எக்ஸ்டென்டெட் ரிலீஸான்னும் கேப்பாங்க. டப்பா கைல இருந்தா படிச்சுக் காட்டிடலாம், அதுக்கு தான் டப்பாவ எடுத்துட்டு போக சொன்னேன்.

அமெரிக்கால ரெண்டு விஷ ஹெல்ப்லைன் இருக்கு. ஏஎஸ்பிசிஏ விலங்கு விஷக் கட்டுப்பாட்டு மையம், 888 426 4435. பெட் பாய்ஸன் ஹெல்ப்லைன், 855 764 7661. ரெண்டுமே ராத்திரி பகல்னு 24 மணி நேரமும் எடுப்பாங்க, கட்டணம் உண்டு. காச பாக்காதீங்க, ஏன்னா ஒரு கேஸ் நம்பர் குடுப்பாங்க, அத உங்க வெட்கிட்ட சொன்னா வெட் நேரா அங்க இருக்கற விஷ நிபுணர்கிட்டயே பேசிக்கலாம். ஆனா பூனை ஏற்கனவே துடிச்சுட்டு இருந்தா போன் பண்ணிட்டு நிக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

வண்டில ஏசிய நல்லா போடுங்க. ஒடம்பு சூடு ஏறறது தான் இதுல பெரிய எதிரி. கூடைமேல ஒரு துணிய காத்து போற மாதிரி லேசா போட்டு இருட்டாக்குங்க, பாட்டு வேணாம், "செல்லம் செல்லம்"னு தட்டிக் குடுக்கறதும் வேணாம். அந்த நேரத்துல ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு தொடுதலும் அதுக்கு அதிகம். எனக்கு கை சும்மா இருக்கல, கூடைக்குள்ள விரல விட்டு தடவிட்டே போனேன், அது தப்புன்னு அங்க நர்ஸ் பொறுமையா சொன்னாங்க.

வீட்லயே வாந்தி எடுக்க வைக்கலாமா? உப்புத்தண்ணி, பெராக்சைடு?

கூடாது. நாய்க்கு சில சமயம் வெட் சொல்லி ஹைட்ரஜன் பெராக்சைடு குடுப்பாங்க, அத படிச்சுட்டு பூனைக்கும் குடுக்கறாங்க. பூனைக்கு அது வயித்து உள்தோல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். உப்புத்தண்ணி குடுத்தா ரத்தத்துல சோடியம் ஏறி அதுவே தனி விஷமாயிடும். எங்க அம்மா வீடியோ கால்ல திருச்சில இருந்து "உப்பு கரைச்சு ஊத்துடி, எல்லாம் வெளிய வந்துடும்"னு பதறினாங்க, பாசத்துல சொன்னது தான், ஆனா அன்னிக்கு கேட்டிருந்தா ரெண்டு விஷத்துக்கு வைத்தியம் பாத்திருக்கணும்.

பால், மோர், எண்ணெய், எதையும் வாய்ல ஊத்தாதீங்க. தலை ஆடிட்டு, நடுங்கிட்டு இருக்கற பூனைக்கு ஊத்தினா நுரையீரலுக்கு தான் போகும். எலுமிச்சை ஜூஸ், வைட்டமின் சி பத்தியும் கேக்கறாங்க, யூரின் புளிப்பானா ஆம்ஃபெட்டமின் சீக்கிரம் வெளிய போகும்னு எங்கயோ படிச்சிருப்பாங்க. அது உண்மை தான், ஆனா ரத்தத்துல அமிலம் எவ்ளோ இருக்குன்னு அளந்து பாக்காம அத செஞ்சா ஏற்கனவே கெட்டுப் போன ஒடம்பு இன்னும் கெடும். ஆஸ்பத்திரிலயே எல்லாருக்கும் அத செய்யறதில்ல.

என்னென்ன அறிகுறி வரும்?

கண்ணுமணி விரிஞ்சு முழுசா கருப்பாறது, நிலைகொள்ளாம குறுக்கும் நெடுக்கும் நடக்கறது, வட்டமா சுத்தறது, தலைய ஆட்டிட்டே இருக்கறது, எச்சில் ஒழுகறது, வாந்தி, சின்ன சத்தத்துக்கு தூக்கிவாரிப் போடறது. இதயம் படபடன்னு அடிக்கும், கைய நெஞ்சுல வச்சா எண்ணவே முடியாது. பூனை வாயத் திறந்து மூச்சு வாங்கினா அது எப்பவுமே நல்லதில்ல, நாய் மாதிரி நெனைச்சுக்காதீங்க. அதுக்கு மேல போனா நடுக்கம், வலிப்பு.

சில பூனை தலைகீழா நடந்துக்கும், பேசாம மூலைல ஒடுங்கிக்கும். அமைதியா இருக்கு, சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, கண்ணப் பாருங்க, காதத் தொட்டுப் பாருங்க. பூனையோட சாதாரண சூடு 100.5ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மல்லிக்கு அங்க போய் பாத்தப்ப 104க்கு மேல.

முழுங்கி ஒரு மணி நேரம் ஆச்சு, நல்லா தானே இருக்கு? வெயிட் பண்ணி பாக்கலாமா?

என்கிட்ட அதிகமா கேக்கற கேள்வி இது தான், வயித்துல புளிய கரைக்கறதும் இது தான். நல்லா இருக்கற அந்த நேரம் தான் உங்க கைல இருக்கற நல்ல நேரம். அறிகுறி இல்லாத பூனைக்கு வெட் வாந்தி எடுக்க வைக்கலாம், நடுங்க ஆரம்பிச்ச பூனைக்கு அத செய்ய முடியாது, அப்ப அது ஆபத்து. நான் அந்த நேரத்த தயிர் கிண்ணத்த கழுவி காஃபி குடிச்சு கழிச்சேன்.

சாதாரண மாத்திரைன்னா அரை மணில இருந்து ரெண்டு மணிக்குள்ள காட்டும். வைவான்ஸ் ரத்தத்துல மாறணும்ங்கறதால கொஞ்சம் தாமதம். ஆடரால் எக்ஸ்ஆர், அதாவது எக்ஸ்டென்டெட் ரிலீஸ், கேப்ஸ்யூலுக்குள்ள குட்டிக் குட்டி உருண்டை இருக்கும், அதுல பாதி உடனே கரையும், மீதி பாதி மனுஷங்களுக்கு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் கழிச்சு கரையற மாதிரி செஞ்சது. அதனால ஒரு ஆட்டம் ஆடி அடங்கின மாதிரி தெரிஞ்சு மறுபடி ஏறும். கான்செர்ட்டா இன்னும் மோசம், உள்ள ஒரு சின்ன பம்ப் மாதிரி இருந்து மணிக்கணக்கா மருந்த தள்ளிட்டே இருக்கும், ஓடு கரையாது. ஆனா பூனை அத கடிச்சு ஒடச்சிருந்தா மெதுவா வர வேண்டியது மொத்தமும் ஒரே நேரத்துல எறங்கிடலாம். பல்லு தடம் இருக்கான்னு பாத்து சொல்லுங்கன்னு அதுக்கு தான் கேக்கறாங்க.

வெட்டுகிட்ட பையன் மருந்துன்னு சொல்ல கூச்சமா இருக்கு. சொல்லித்தான் ஆகணுமா?

சொல்லித்தான் ஆகணும், வாசல்லயே, மொத வாக்கியத்துலயே.

இந்தப் பக்கத்த எழுத உக்காந்ததே இந்தக் கேள்விக்காக தான். நம்ம வீடுகள்ல ஏடிஹெச்டி மருந்துங்கறது அலமாரில துணிக்கு அடில இருக்கற விஷயம். எங்க வீட்லயும் மாமியாருக்கு தெரியாது, பக்கத்து வீட்டு தமிழ்க் குடும்பத்துக்கு தெரியாது, "வைட்டமின்"னு சொல்லி வச்சிருந்தோம். அன்னிக்கு எமர்ஜென்சில ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு என்ன சாப்ட்டுச்சுன்னு கேட்டப்ப எனக்கு பின்னாடி நாலு பேர் நாயோட உக்காந்திருந்தாங்க, என் வாய்ல இருந்து "ஏதோ தயிர்ல கலந்த வைட்டமின்"னு தான் வந்துச்சு. ஒன்பது வருஷமா சொல்லிப் பழகின பொய் இல்ல, ரெண்டு வருஷம் தான், ஆனா நாக்குல ஒட்டிக்கிச்சு. அவங்க வைட்டமின் "டி"ன்னு நெனைச்சாங்க, அது பூனைக்கு வேற விதமான விஷம், வேற வைத்தியம். உள்ள கொண்டு போய் டாக்டர் கண்ணுல டார்ச் அடிச்சு பாத்துட்டு வெளிய வந்து என்கிட்ட மெதுவா, "வீட்ல யாராவது ஏடிஹெச்டிக்கு, ஒடம்பு எளைக்க, எதாவது எடுக்கறாங்களா"ன்னு கேட்டாங்க. அப்ப தான் சொன்னேன். பத்து நிமிஷம் போச்சு. இதயம் நிமிஷத்துக்கு 260 அடிச்சுட்டு இருந்த உயிருக்கு பத்து நிமிஷம்.

அந்த டாக்டர் மொகத்துல ஒண்ணும் மாறல. "எத்தன மில்லிகிராம்"னு மட்டும் தான் கேட்டாங்க. அவங்களுக்கு இது வாரா வாரம் பாக்கற விஷயம், நமக்கு தான் மலை. டாக்டர் சீட்டு இல்லாம வாங்கின மருந்தா இருந்தாலும் சரி, ரூம்மேட் எதுக்காகவோ வச்சிருந்ததா இருந்தாலும் சரி, அதையே சொல்லுங்க. அவங்களுக்கு வேண்டியது வைத்தியத்துக்கான பேரு தான். சத்தமா சொல்ல வரலன்னா போன்ல டைப் பண்ணி காட்டுங்க, டப்பாவ மேசை மேல வைங்க, வாயத் திறக்கவே வேணாம்.

ஆஸ்பத்திரில என்ன பண்ணுவாங்க?

இந்த விஷத்த முறிக்கற மாத்து மருந்துன்னு தனியா ஒண்ணு கெடையாது. மருந்து ஒடம்ப விட்டு போற வரைக்கும் பூனைய பாதுகாப்பா புடிச்சு வச்சுக்கறது தான் வைத்தியம்.

இப்ப தான் முழுங்குச்சு, அறிகுறி இல்லன்னா ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பாங்க. பூனைக்கு டெக்ஸ்மெடெடோமிடின், ஸைலஸின் மாதிரி மருந்து, ஆனா பூனைய வாந்தி எடுக்க வைக்கறது நாய் மாதிரி சுலபம் இல்ல, எல்லா தடவையும் வராது. அப்புறம் ஆக்டிவேட்டட் சார்கோல் கரி, வயித்துல மிச்சம் இருக்கறத ஒட்டி இழுத்துக்கும். எக்ஸ்டென்டெட் ரிலீஸா இருந்தா திரும்பவும் குடுக்கலாம். நெனவு தெளிவா இல்லாத பூனைக்கு கரி குடுத்தா மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும், அதனால அத வீட்ல வாங்கி ஊத்தற வேலை வேணாம்.

அறிகுறி வந்துட்டா மொத வேலை அமைதிப்படுத்தறது. அதுக்கு பெரும்பாலும் அசிப்ரோமஸின் இல்லன்னா குளோர்ப்ரோமஸின் ஊசி, கொஞ்சம் கொஞ்சமா, பிரஷர் எறங்காம பாத்து பாத்து. பதட்டத்துக்கு குடுக்கற டயஸிபம் ஏன் போடலன்னு நான் கேட்டேன். ஆம்ஃபெட்டமின் கேஸ்ல பதட்டத்துக்கு அத மொதல்ல எடுக்க மாட்டோம், சில பூனைக்கு அது அமைதிக்கு பதிலா இன்னும் வெறிய கெளப்பிடும்னு சொன்னாங்க. வலிப்பு வந்தா அதுக்கு ஃபெனோபார்பிட்டல், லெவெடிரசெட்டம், ப்ரோபொஃபால்னு வழி இருக்கு. தசை நடுக்கத்துக்கு மெத்தோகார்பமால். இதயம் அடங்கவே மாட்டேங்குதுன்னா ப்ரோப்ரானலால், எஸ்மோலால் மாதிரி மருந்து, அது கூட அமைதிப்படுத்தின பிறகு தான், ஏன்னா நெறைய நேரம் பதட்டம் எறங்கினாலே இதயமும் எறங்கிடும்.

செரட்டோனின்ங்கற மூளை ரசாயனம் ஏறி நடுக்கமும் கத்தலும் அதிகமா இருந்தா சிப்ரோஹெப்டடின் குடுப்பாங்க. இந்தியாவுல பசிக்கு குடுக்கற மருந்தா நெறைய வீட்ல இருக்கும், அதனால நாமளே குடுத்துடலாமேன்னு ஒருத்தங்க கேட்டாங்க. வேணாங்க. எப்ப, எவ்ளோங்கறது பூனைய தொட்டுப் பாக்கறவங்க முடிவு பண்ணட்டும்.

ட்ரிப்ஸ் கண்டிப்பா ஓடும், மருந்து யூரின்ல தான் வெளிய போகுது, கிட்னியையும் காப்பாத்தணும். ரொம்ப நேரம் நடுங்கினா தசை ஒடஞ்சு அந்தக் கழிவு கிட்னிக்கு போகும், அதுக்கு ரத்தப் பரிசோதனை. ஈசிஜி, பிரஷர், சர்க்கரை எல்லாம் மணிக்கணக்கா பாப்பாங்க. சூட்ட எறக்க ஃபேன், ஈரத்துணி. ஐஸ் வைக்க மாட்டாங்க, 103.5 கிட்ட வந்ததும் ஈரத்த எடுத்துடுவாங்க, இல்லன்னா அதுக்கும் கீழ சரிஞ்சுடும். மல்லிய ஒரு கூண்டுல போட்டு மேல கருநீல போர்வை மூடி, அந்த ரூம்ல லைட்ட அணைச்சு, கதவுல "சத்தம் போடாதீங்க"ன்னு எழுதி ஒட்டினாங்க. இருட்டும் அமைதியும் கூட இதுல ஒரு மருந்து.

சூடா இருக்கே, டோலோ குடுக்கலாமா? தூக்க மாத்திரை?

பாரசிட்டமால் பூனைக்கு கொல்ற விஷம். அத ஒடைச்சு வெளியேத்தற சக்தி பூனையோட ஈரலுக்கு இல்ல, ஒரே ஒரு மாத்திரை போதும் உயிர் போக. டோலோ, கால்பால், க்ரோசின், இங்க டைலெனால், எந்தப் பேர்ல இருந்தாலும். அதுவும் இந்த சூடு காய்ச்சல் இல்ல, காய்ச்சல் மாத்திரைக்கு எறங்கவும் எறங்காது.

நம்ம தூக்க மாத்திரை, அல்பிரசோலம், எதுவும் குடுக்காதீங்க. ஒரு மனுஷ மருந்துல மாட்டின பூனைக்கு இன்னொரு மனுஷ மருந்து வேணாம்.

இதோட சேத்து: சளி மாத்திரையும் இதே ஆபத்து தான். சூடோஎஃபெட்ரின் பூனைக்கு ஆம்ஃபெட்டமின் மாதிரியே வேலை செய்யும், நெறைய சளி மாத்திரைல கூடவே பாரசிட்டமாலும் இருக்கும், ரெண்டு பக்கமும் அடி.

மெடிக்கல் ஷாப்ல விக்கற யூரின் ஸ்ட்ரிப் வச்சு கண்டுபுடிக்கலாமா?

மனுஷங்களுக்கான அந்த ஸ்ட்ரிப்ப வெட் சில சமயம் பயன்படுத்துவாங்க, ஆம்ஃபெட்டமின கொஞ்சம் காட்டிக் குடுக்கும். மெதில்ஃபெனிடேட்ட சாதாரண ஆம்ஃபெட்டமின் ஸ்ட்ரிப் காட்டாது. அதனால கோடு வரலன்னு நிம்மதியா உக்காந்துடக் கூடாது. டப்பால இருக்கற பேரு எந்த ஸ்ட்ரிப்ப விடவும் நம்பகம்.

சென்னைல இருக்கேன், ராத்திரி ஆயிடுச்சு, எங்க போறது?

வேப்பேரில மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 1903ல ஆரம்பிச்ச கல்லூரி, பெரிய எடம். ராத்திரி யார் இருக்காங்கன்னு போன் பண்ணி கேட்டுட்டு போங்க. அத விட முக்கியம், உங்க ஏரியால ராத்திரி பூனை பாக்கற வெட் யாருன்னு இன்னிக்கே, ஒண்ணும் ஆகாத நாள்லயே விசாரிச்சு நம்பர பதிஞ்சு வைங்க. மாடு, நாய் மட்டும் பாக்கறவங்களும் உண்டு, அதனால "பூனை பாப்பீங்களா, ராத்திரி அட்மிட் பண்ணி வச்சுப்பீங்களா"ன்னு ரெண்டையும் கேளுங்க.

எத்தன நாள்ல சரியாகும்? அப்புறம் எதாவது பாதிப்பு இருக்குமா?

நேரத்தோட போனா பெரும்பாலும் பொழைச்சுக்கும். பொதுவா ஒரு நாள்ல இருந்து மூணு நாளுக்குள்ள மருந்தோட ஆட்டம் அடங்கிடும். மல்லி ஒரு ராத்திரி அங்க இருந்தா, மறுநாள் மத்தியானம் கூட்டிட்டு வந்தோம். ஏற்கனவே இதயக் கோளாறு, தைராய்டு, வலிப்பு இருக்கற பூனைக்கும் குட்டிக்கும் கஷ்டம் அதிகம், அத முன்னாடியே சொல்லிடுங்க.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அவ சாப்பாட்ட மோந்து பாத்துட்டு போயிட்டே இருந்தா. இந்த மருந்து பசிய கொல்லும், மனுஷங்களுக்கும் அப்படித்தான், பையன் மத்தியான டிபன் பாக்ஸ் முழுசா திரும்பி வர்றதும் அதனால தான். ஆனா பூனை ரெண்டு நாளுக்கு மேல ஒண்ணும் சாப்பிடாம இருந்தா ஈரல்ல கொழுப்பு சேந்து அது தனி நோயாயிடும். அதனால தின்னும்போது தின்னட்டும்னு விடாம வெட்டுக்கு சொல்லிடுங்க. நாங்க சூரை மீன் டின்ன கொஞ்சம் சூடு பண்ணி வாசனை வர வச்சு குடுத்தோம், மூணாவது தடவை நக்கினா.

பூனை எதுக்கு மாத்திரைய தின்னுது? கசக்காதா?

இனிப்பு பூச்சுக்கு ஆசைப்பட்டுன்னு சொல்வாங்க, அது இல்ல. பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, இனிப்ப உணர வேண்டிய மரபணு அதுக்கு வேலை செய்யறதில்ல, அத 2005ல கண்டுபுடிச்சாங்க. ஆனா சில கேப்ஸ்யூல் மேல பூனைக்கு தனி ஈர்ப்பு இருக்குன்னு விஷ மையத்துல இருக்கறவங்களே சொல்றாங்க, ஆடராலும், மன அழுத்தத்துக்கு குடுக்கற எஃபெக்ஸரும் அதுல அடிக்கடி வர்ற பேரு. மல்லி கேஸ்ல அந்தக் கேள்வியே இல்ல, தயிர் தான். பாலாடை, வெண்ணெய், மீன் எதுல கலந்து வச்சாலும் உங்க பூனை முந்திக்கும்.

இப்ப உங்க வீட்ல எப்படி குடுக்கறீங்க?

ஆரஞ்சு ஜூஸ்ல, வைவான்ஸ அதுலயும் கலக்கலாம்னு தாள்ல இருக்கு. பூனைக்கு ஆரஞ்சு வாசனையே ஆகாது, மல்லி கிட்டயே வரமாட்டா. பாத்ரூம் கதவ சாத்திட்டு, நான் எதிர்க்க நின்னு, அவன் மடமடன்னு குடிச்சு டம்ளர்ல தண்ணி ஊத்தி அதையும் குடிச்ச பிறகு தான் கதவு திறக்கும். பஸ் போனா போகட்டும், நான் கார்ல கொண்டு போய் விட்டுக்கறேன். டப்பா பூட்டு போட்ட பொட்டில. ஞாயித்துக்கிழமை எண்ணி பொட்டி மூடில பென்சில்ல எழுதி வைப்போம், எத்தன இருக்கணும்னு எப்பவும் தெரியும்.

மாமியார்கிட்டயும் சொல்லிட்டோம். போன தடவ வந்தப்ப காலைல அவங்களே மல்லிய தூக்கி மடில வச்சுக்கிட்டு, "அவன் மருந்த குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் உன்ன விடறேன்"னு சொல்லிட்டு இருந்தாங்க.